லைப்ரரில கேட்டியளா?

அந்த அம்மாளிடம் யாராவது மணி கேட்டால், கையில் கட்டியிருக்கும் கடிகாரத்தைப் பார்த்துச் சொல்ல மாட்டார். "இருங்க, பாத்துட்டு வாரேன்" என்று கேன்டீனிலிருந்து எழுந்து நூலக அறைவரை நடந்து போவார். அங்கே சுவரில் மாட்டியிருக்கும் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, "நூலகக் கடிகாரப்படி பன்னெண்டே முக்கால்" என்பார். போய்வந்த நேரத்தில் முக்கால் தாண்டியிருக்கும். கேட்டவன் தட்டைக் கழுவிவிட்டுப் போயிருப்பான். அதைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை. பதில் நூலகத்திலிருந்து வந்தது என்பது கேன்டீனில் மிச்சமிருக்கும் பத்துப் பேர் காதில் விழுந்தால் போதும்.

எண்பதுகளில் ஓசூர்த் தொழிற்பேட்டையில் வால்வு செய்யும் தொழிற்சாலை ஒன்றில் நான் நேர அலுவலகத்தில் இருந்தேன். எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் வரவில்லை என்று எண்ணிச் சொல்வது என் வேலை. ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. கல்யாண வீட்டில் பந்திக்குப் போனாலும் இலைகளை எண்ணிவிட்டுத்தான் உட்காருகிறேன். அந்த அம்மாள் எங்கள் தொழிற்சாலையின் நூலகர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர். பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. மற்றபடி தமிழ்க்காரர்கள், கன்னடக்காரர்கள், தெலுங்குக்காரர்கள் எல்லாருக்கும் அவர் லைப்ரரியம்மாதான்.

நூலகம் என்றால் இரண்டு இரும்பு அலமாரிகள், நான்கு நாற்காலிகள், எந்தப் புத்தகம் எங்கே என்று எழுதிய அட்டைகளைச் சின்னச் சின்ன இழுப்பறைகளில் அடுக்கிய ஒரு மரப்பெட்டி, ஒரு சன்னல். அலமாரிகளில் இயந்திரங்களோடு வந்த விளக்கப் புத்தகங்களும், எஃகு எந்தத் தரத்தில் இருக்க வேண்டும் என்று சொல்லும் அரசாங்கத் தரப் புத்தகங்களும், அவற்றுக்கு நடுவே அந்த அம்மாள் எங்கெங்கிருந்தோ சேர்த்த பொதுப் புத்தகங்களும் இருந்தன. எல்லா வம்புக்கும் காரணம் அந்தச் சன்னல். அதன் வழியாகப் பார்த்தால் மலைக்கோயில் தெரியும், காற்றும் வரும். தினமும் பெங்களூரிலிருந்து காரில் வந்து போகும் எங்கள் தொழிற்சாலை மேலாளருக்கு அந்த அறைமேல் ஒரு கண். வெளிநாட்டு விருந்தினர்கள் வந்தால் சாப்பிட ஓர் அறை வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நூலகத்துக்கு யாரும் வருவதில்லை என்பது அவர் கட்சி. வருகிறார்கள், வந்தவர்கள் சொல்வதில்லை என்பது அந்த அம்மாள் கட்சி.

"உப்பு மாதிரி சார் எங்க வேல" என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். "இருக்கப்ப ஒருத்தரும் சொல்ல மாட்டாவ. இல்லாதப்பதான் இலையத் தள்ளி வச்சிட்டுக் கத்துவாவ. நான் இல்லாமப் போன பொறவு யாரு கத்தி எனக்கென்ன ஆவப்போவுது? இருக்கப்பவே சொல்ல வைக்கணும்."

சொல்ல வைத்தார். நூலகத்தில் பதில் வாங்கியவர், அந்தப் பதிலை எங்கே சொன்னாலும் "இது லைப்ரரியில் கேட்டது" என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். இதுதான் அவர் விதி. சொல்லாதவரை அவர் கண்டுபிடித்துவிடுவார். மேலாளர் நடத்தும் காலைக் கூட்டத்தில் ஒரு பொறியாளர் எழுந்து, "இந்த எஃகு இந்தச் சூட்டைத் தாங்கும்" என்று சொல்லிக்கொண்டிருப்பார். கதவு கொஞ்சம் திறக்கும். முதலில் ஒரு குடை தெரியும், பிறகு கண்ணாடி, பிறகு அந்த அம்மாள்.

"எங்க கேட்டிய?"

"லைப்ரரியில மேடம்."

"நன்றி." கதவு மூடிக்கொள்ளும்.

ஒரே கூட்டத்தில் மூன்று முறை அந்தக் கதவு திறந்ததை நான் எண்ணியிருக்கிறேன். நான்காவது முறை அவர் கதவைத் தொடுவதற்கு முன்பே உள்ளே இருந்த அத்தனை பேரும் "லைப்ரரியில மேடம்" என்று கோரஸாகச் சொன்னார்கள். அப்போது பேசிக்கொண்டிருந்தவர் தன் வீட்டில் திருட்டுப்போன கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

தெரியாமல் எதையாவது உளறுகிறவர்களுக்கு அவரிடம் வேறொரு கேள்வி இருந்தது. "லைப்ரரில கேட்டியளா?" வீட்டில் தெலுங்கும் தெருவில் தமிழும் மெஷினில் கன்னடமும் பேசுகிற எங்கள் ஆட்கள் அதை அப்படியே பிடித்துக்கொண்டார்கள். ஸ்பேனர் எங்கே என்று கேட்டால் "லைப்ரரில கேட்டியளா?" மாமனார் ஊருக்குப் பஸ் எத்தனை மணிக்கு என்றால் "லைப்ரரில கேட்டியளா?" பக்கத்துக் கெலமங்கலத்தைத் தாண்டாத வாய்களில் திருநெல்வேலித் தமிழ் புகுந்து விளையாடியது. கிண்டல்தான். அவருக்கும் அது தெரியும். "கிண்டலுன்னாலும் நம்ம பேருதான சொல்லுதாவ" என்று சந்தோஷப்பட்டார்.

கேன்டீன் கரும்பலகையில் அன்றைய சாப்பாடு எழுதியிருக்கும். சமையல்காரரிடம் கெஞ்சி அதன் அடியில் ஒரு வரி இடம் வாங்கினார். "சந்தேகமா? நூலகத்துக்கு வாருங்கள்." யாரும் வரவில்லை. மறுவாரம் வரியை மாற்றினார். "இன்று சாம்பாரில் உப்பு ஏன் கூடிவிட்டது? விடை நூலகத்தில்." அன்று பதினேழு பேர் போனார்கள். ஹாஸ்டல் சமையல் பற்றிய ஒரு புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, ஆட்கள் குறையும் நாளில் பருப்பைக் குறைத்துவிட்டு உப்பைக் குறைக்க மறப்பதே காரணம் என்று பதினேழு பேருக்கும் விளக்கினார். சமையல்காரர் அன்று மாலையே கரும்பலகையைக் கழற்றிக் கொண்டுபோய் அரிசி மூட்டைக்குப் பின்னால் வைத்துவிட்டார். ரொம்ப நாள் வரைக்கும் அந்த அம்மாளுக்கு மட்டும் ரசத்தில் உப்பே இல்லை.

ஆயுத பூஜை எங்கள் ஊர்ப் பக்கத் தொழிற்சாலைகளில் பெரிய விஷயம். மெஷின்களைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் உடைத்து, பொரி கடலை கொடுப்பார்கள். நன்றாக அலங்கரித்த பிரிவுக்குப் பரிசு உண்டு. ஒரு வருஷம் அந்த அம்மாள் மேலாளரிடம் போய் நூலகத்தையும் போட்டியில் சேர்க்கச் சொன்னார்.

"மெஷினே இல்லையே ரீ உங்ககிட்ட!" என்றார் மேலாளர். அவர் தமிழில் பேசினாலும் கன்னட மரியாதையின் 'ரீ' ஒன்று கூடவே வரும்.

"அட்டப்பெட்டி இருக்கே சார். கேள்விய உள்ள போட்டா பதில் வெளிய வருது. அது மெஷின் இல்லாம வேறென்ன?"

சேர்த்துக்கொண்டார்கள். அவர் ஒவ்வோர் இழுப்பறைக்கும் சந்தனம் பூசினார். வெளியே மட்டும் பூசினால் கஞ்சத்தனம் என்று நினைத்தாரோ என்னவோ, அட்டைகளின் தலையிலும் பூசினார். இழுப்பறை தவறாமல் ஒரு பிடி பொரி வைத்தார். பூசாரி சூடத் தட்டைப் பெட்டிக்குக் காட்டும்போது அட்டைகள் தீப்பிடிக்குமோ என்று நான் தண்ணீர் வாளியைத் தேடினேன். தீப்பிடிக்கவில்லை. மூன்றாம் பரிசாக ஓர் எவர்சில்வர் டம்ளர் கிடைத்தது. ஆனால் சந்தனம் காய்ந்து அட்டைகள் இரண்டு இரண்டாக ஒட்டிக்கொண்டன. அந்த மாதம் முழுக்க வால்வு பற்றிக் கேட்டவர்களுக்கு வாஷர் பற்றிய புத்தகம் கிடைத்தது. பொரி வைத்த இழுப்பறைகளில் எறும்பு குடியேறியது. "எறும்புகூட நம்ம லைப்ரரிக்கு வருது, எஞ்சினியருங்கதான் வர மாட்டேங்கறாங்க" என்று லேத் பிரிவு முனிரத்தினம் சொன்னதை அவர் தன் அறைக் கதவில் எழுதி ஒட்டினார். அடியில் முனிரத்தினத்தின் பெயரையும் போட்டார். யார் சொன்னது என்று போடாமல் அவர் எதையும் ஒட்ட மாட்டார்.

இப்படியே போய்க்கொண்டிருந்தால் பரவாயில்லை. கொஞ்ச காலத்தில் அந்த அம்மாள் ஆசைப்பட்டது நடந்துவிட்டது. ஆசைப்பட்டதற்கு மேலேயே நடந்துவிட்டது. எதைச் சொன்னாலும் கடைசியில் "லைப்ரரி சொல்லுச்சு" என்று சேர்த்தால் எடுபடும் என்று ஆட்கள் கண்டுகொண்டார்கள். வியாழக்கிழமை கரண்ட் இருக்காது, லைப்ரரி சொல்லுச்சு. இந்தத் தடவை எல்லாருக்கும் ஸ்வீட் பாக்ஸ் உண்டு, லைப்ரரி சொல்லுச்சு. ஒருவன், மச்சானுக்கு ஸ்கூட்டர் வாங்கிக் கொடுப்பது குடும்பத்துக்கு ஆகாது என்று லைப்ரரி சொன்னதாக வீட்டில் சொல்லிச் சமாளித்தான். அவன் மனைவி கைக்குழந்தையோடு வாசல்வரை வந்து, அந்த லைப்ரரி யாரென்று என்னிடம் விசாரித்துவிட்டுப் போனாள்.

நான் பயந்த சுபாவம். "அம்மா, இது எங்க போய் முடியுமோ. நீங்க சொல்லாததெல்லாம் உங்க பேர்ல சுத்துது" என்று சொல்லிப் பார்த்தேன்.

"பேரு பரவுது சார்" என்றார். முகமெல்லாம் சிரிப்பு.

அந்த வருஷம் ராகி கதிர் பிடித்திருந்த நேரம். ஒரு மதியம் லேத் பிரிவு முனிரத்தினம் இரண்டாம் ஷிப்டுக்கு முன்னால் நூலகத்துக்குள் போவதை என் சன்னலிலிருந்து பார்த்தேன். வெளியே வரும்போது அவன் முகம் வெளுத்திருந்தது. அவனுக்கு ஊர் சானமாவுக் காட்டுக்கு அந்தப் பக்கம். நூலகத்தில் என்ன வெளுப்பு வரப்போகிறது என்று நான் விட்டுவிட்டேன்.

மறுநாள் பிற்பகல் இராயக்கோட்டை சாலைப் பக்கத்து ஆட்களை ஏற்றிவரும் தொழிற்சாலைப் பஸ் வந்து நின்றது. டிரைவர் இறங்கினார். அவருக்குப் பின்னால் இரண்டு பேர் இறங்கினார்கள். அவ்வளவுதான். இரண்டு பேரும் சேலத்துக்காரர்கள், புதிதாகச் சேர்ந்தவர்கள். லைப்ரரி சொல்வதை இன்னும் நம்பப் பழகாதவர்கள்.

"மத்தவங்க எங்கே?" என்று கேட்டேன்.

"வீட்டுக்குள்ள இருக்காங்க சார். சானமாவுல யானை எறங்கிட்டுதாம். ஷிப்டு முடிஞ்சி இருட்டுல வரமுடியாதுன்னுட்டாங்க" என்றார் டிரைவர்.

"யார் சொன்னது?"

"லைப்ரரி சொல்லுச்சாம்."

அறுபத்திரண்டு பேர் வரவில்லை. இரண்டு முறை எண்ணினேன். பிறகு அந்தச் செய்தி வந்த வழியையும் விசாரித்தேன். முந்தின நாள் லேத் பிரிவில் அது தமிழில் ஒற்றை யானையாகத்தான் இருந்திருக்கிறது. ஃபவுண்டரிக்குப் போய்க் கன்னடத்தில் 'ஆனெ' ஆனபோது அதற்கு ஒரு குட்டியும் பிறந்திருந்தது. பேக்கிங்கில் தெலுங்கில் 'ஏனுகு' ஆகி ஏழாகிவிட்டது. இரவுச் சாப்பாட்டுக்குக் கேன்டீனுக்கு வந்து சேர்ந்தபோது பதினொன்று. அதில் ஒன்றுக்கு ஒற்றைத் தந்தம். மேலாளர் வனத்துறை அலுவலகத்துக்குப் போன் போட்டார். ஒரு யானையும் வரவில்லை, கூட்டம் இன்னும் தளிப் பக்கத்துக் காட்டில்தான் இருக்கிறது என்றார்கள். அன்று பாதி லேத்துகள் ஓடவில்லை. மறுநாள் லாரியில் ஏற வேண்டிய வால்வுகள் ஏறவில்லை.

மறுநாள் காலை மேலாளர் அறையில் நாங்கள் மூன்று பேர் நின்றோம். நான், முனிரத்தினம், அந்த அம்மாள். அம்மாள் குடையோடு வந்திருந்தார்.

"ஏன்ரீ மேடம், எங்க உங்க ஆனெ?" என்றார் மேலாளர். "அறுபத்திரண்டு பேர் வரலை. எண்ணினது இவர். தப்பா இருக்காது."

முனிரத்தினம் கையைக் கட்டிக்கொண்டு, "நானா ஒண்ணும் சொல்லல சார். லைப்ரரி சொன்னதத்தான் சொன்னேன்" என்றான்.

"எல்லாரும் இதையேதான் சொல்றாங்க. மழை பெஞ்சாலும் லைப்ரரி, வெயில் அடிச்சாலும் லைப்ரரி." மேலாளர் அந்த அம்மாள் பக்கம் திரும்பினார். "நேரா கேக்கறேன் மேடம். நீங்க சொன்னீங்களா, இல்லையா? இல்லைன்னா, இல்லாததைச் சொல்லி ஷிப்டைக் கெடுத்ததுக்கு இவனுக்கு சஸ்பென்ஷன். ஆமான்னா, லைப்ரரிக்குப் பூட்டு. அந்த ரூம் எனக்கு எப்படியும் வேணும்."

"இல்லை" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அத்தனை பொய்கள் அவர் பெயரில் சுற்றியிருந்தன. இதுவும் ஒன்று என்றால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். முனிரத்தினத்துக்கும் அது தெரிந்திருந்தது. அவன் அம்மா படுத்த படுக்கை. வீட்டில் சம்பாதிக்கிற கை அவனுடையது ஒன்றுதான்.

அந்த அம்மாள் குடையைச் சுவரில் சாய்த்து வைத்தார்.

"நூலகம்தான் சார் சொல்லிச்சு."

மேலாளரே கொஞ்சம் பின்னால் சாய்ந்தார். அவர் எதிர்பார்த்த பதில் அது இல்லை.

"நான் இந்தத் தொழிற்சாலைக்கு வந்த நாள்ல இருந்து லேத்துல இருந்து ஒருத்தர்கூடத் தானா நடந்து உள்ள வந்ததில்ல" என்றார் அவர். "முந்தாநாள் இவரு வந்தாரு. யானை சானமாவுக்கு வருமான்னு கேட்டாரு. எனக்குத் தல கால் புரியல சார். உக்கார வச்சேன். யானை ஒரு நாள்ல எவ்வளவு தூரம் நடக்கும், எவ்வளவு திங்கும், எந்த மாசம் ராகிக்கு இறங்கும், எல்லாத்தையும் சொன்னேன். வருமான்னா, வரும், கண்டிப்பா வரும்னேன். படம் வேற காட்டினேன்."

"ரெண்டு படம் சார்" என்றான் முனிரத்தினம். "ஒண்ணுல அது ஒரு ஊட்டையே பிரிச்சிப் போட்டுகினு இருந்துச்சி."

"நான் சொன்னதுல ஒண்ணும் தப்பில்ல. புத்தகத்துல இருக்கு. ஆனா, எதுக்குக் கேக்கியன்னு நான் அவருகிட்டத் திருப்பிக் கேக்கல. எங்க தொழில்ல அதுதான் முதப் பாடம். கேள்வியோட வாரவங்க மனசுல வேறொரு கேள்வி இருக்கும், அதக் கேட்டு வாங்கணும். ஆளு வந்த சந்தோசத்துல அத மறந்துட்டேன்." அவர் முனிரத்தினத்தைப் பார்த்தார். "இப்பக் கேக்கேன். தம்பி, எதுக்குக் கேட்டிய?"

முனிரத்தினம் மேலாளரை ஒரு முறை பார்த்துவிட்டுச் சொன்னான். "பஸ்ஸு எங்க ஊருக்குள்ள வராது மேடம். ரோட்டுல எறக்கி விட்டுட்டுப் போயிடும். அங்கேர்ந்து காட்டோரமா சைக்கிள்ல போவணும். அதுக்கோசரம், இன்னிக்கு நான் போலாமா வேணாமான்னு கேக்க வந்தேன். நீங்க படம் காட்டினீங்கோ."

"அதக் கேட்டிருந்தா வனத்துறைக்கு ஒரு போனு. ஒத்த வரில பதிலு. இன்னைக்கு இல்ல, போயிட்டு வாங்கன்னு சொல்லியிருப்பேன்." அந்த அம்மாள் குடையை எடுத்துக்கொண்டார். "பூட்டிக்கிடுங்க சார்."

முனிரத்தினத்தை மேலாளர் வேலைக்குப் போகச் சொல்லிவிட்டார். நூலகத்தை முழுதாக மூட முடியவில்லை. வெளியிலிருந்து தர ஆய்வுக்கு வருகிறவர்கள் உங்கள் நூலகம் எங்கே என்று கேட்பார்கள். காட்ட ஒன்று வேண்டும். நூலகம் வேண்டும், அறை வேண்டாம். வாசலில் என் நேர அலுவலகத்து வராந்தாவில் இடம் இருந்தது. எல்லாவற்றையும் அங்கே தள்ளிவிடச் சொன்னார் மேலாளர்.

சாமான்களைத் தூக்குவதற்கு முன்னால் நான் அந்த அறைக்குப் போனேன். அவர் சன்னலோரம் நின்றிருந்தார். சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி மார்போடு அணைத்து வைத்திருந்தார்.

"ரொம்பச் சத்தம் போட்டுட்டேனோ சார்?" என்று கேட்டார்.

போட்டீர்கள் என்பது உண்மை. போட்டிருக்கக் கூடாது என்று சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. "அலமாரி ரெண்டு, நாற்காலி நாலு, பெட்டி ஒண்ணு. எதை முதல்ல தூக்கறது?" என்றேன்.

"பெட்டிய" என்றார். "எறும்பு இருக்கும், பாத்துப் பிடிங்க."

மேலாளர் ஒன்றைக் கணக்கில் எடுக்க மறந்துவிட்டார். பழைய அறைக்கு யாரும் போக வேண்டிய கட்டாயம் இல்லை. என் வராந்தாவைத் தாண்டாமல் யாரும் தொழிற்சாலைக்குள் போகவும் முடியாது, வெளியே வரவும் முடியாது. வந்துபோகும் நேரத்தை அட்டையில் குத்துகிற கடிகாரம் அங்கேதான் இருக்கிறது. வரிசையில் நின்றே ஆக வேண்டும். வரிசைக்குப் பக்கத்தில் அந்த அம்மாள் மேசை. வரிசையில் நிற்கிறவனுக்கு எதையாவது கேட்கத்தானே தோன்றும்?

கேட்டார்கள். ஆனால் அவர் மாறிப்போயிருந்தார். எவ்வளவு சின்னக் கேள்வியாக இருந்தாலும் பதிலை எடுப்பதற்கு முன்னால், "எதுக்குக் கேக்கிய?" என்று கேட்டார். கேள்வி ஒன்றாகப் போய் வேறொன்றாகத் திரும்பி வந்தது. கல்யாணத்துக்கு எத்தனை நாள் லீவு கிடைக்கும் என்று கேட்ட ஒரு பையனை எதுக்கு எதுக்கு என்று துருவியதில், அவனுக்கு அந்தப் பெண்ணைப் பிடிக்கவே இல்லை என்பது வெளிவந்தது. அதைச் சொல்லிவிட்டு அவன் நிம்மதியாக அட்டையைக் குத்தினான். பெங்களூரில் கண்ணாஸ்பத்திரி எங்கே இருக்கிறது என்று கேட்ட கல்லாவிக்காரர் ஒருவருக்கு உண்மையில் வேண்டியிருந்தது ஆஸ்பத்திரி விலாசம் இல்லை, கன்னடம் தெரியாத அப்பாவோடு கூடப் போக ஓர் ஆள். வரிசையில் நின்ற, கன்னடம் பேசும் அத்திப்பள்ளிக்காரர் ஒருவரை அந்த அம்மாள் அங்கேயே பிடித்துக் கொடுத்தார். "லைப்ரரி சொல்லுச்சு" என்று பொய் சொல்வதும் நின்றுபோனது. லைப்ரரி வாசலிலேயே உட்கார்ந்திருந்தது, போய்க் கேட்டுவிடுவார்கள்.

என் நிலைமைதான் மோசம். எனக்கு வரிசை நகர வேண்டும். வரிசை நகரவில்லை. ஷிப்டு மணி அடித்த பிறகும் பாதிப் பேர் வரிசையிலேயே நின்றார்கள். யாரைத் தாமதம் என்று குறிப்பது? நிற்பது வாசலுக்குள்தானே? இரத்த அழுத்தம் எனக்கு அந்த வருஷம்தான் வந்தது.

ஒருநாள் காலை மேலாளரின் கார் வாசலில் நின்றது. வழக்கமாக உள்ளே போய்விடும். அன்று அவர் இறங்கி வராந்தாவுக்கு வந்தார். பழைய நூலக அறையில் புது மேசையும் பீங்கான் தட்டுகளும் வந்து இறங்கியிருந்தன. ஜப்பானிலிருந்து மூன்று பேர் வரப்போகிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். அந்த அம்மாள் மேசைக்கு முன்னால் ஒருவனுக்குப் பின்னால் நின்றார் மேலாளர். அந்த ஒருவன் திரும்பிப் பார்த்துவிட்டு வரிசையை விட்டே ஓடினான்.

"மேடம், ஜப்பான் பத்தி ஏதாவது புக் இருக்கா?"

"எதுக்குக் கேக்கிய சார்?"

"சும்மா. ஜெனரல் நாலெட்ஜ்."

"சும்மாவுக்கு ரெண்டு இருக்கு. ஒண்ணு எரிமல, ஒண்ணு மீன்பிடிப்பு. எது வேணும்?"

மேலாளர் திரும்பிப் பார்த்தார். பகல் ஷிப்டு முழுவதும் அவர் பின்னால் நின்றது. குரலைத் தாழ்த்தி, "உள்ள வந்து பேசலாமா?" என்றார்.

"உள்ளன்னு இப்ப ஒண்ணு இல்லியே சார். அறைய நீங்க எடுத்துக்கிட்டிய."

அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். வரிசையிலிருந்து முனிரத்தினத்தின் குரல் வந்தது. "சொல்லுங்க சார். நாங்க கேக்கல."

சொல்லிவிட்டு அவன் சாலைக்கு அந்தப் பக்கம் இருந்த தைல மரங்களைப் பார்த்து நின்றுகொண்டான். அவனுக்குப் பின்னால் நின்றவன் அப்படியே திரும்பினான். ஒவ்வொருவராக வரிசை மொத்தமும் முகத்தைத் திருப்பிக்கொண்டு தைல மரங்களைப் பார்த்தது. நானும் பேனாவைத் திறந்து மை இருக்கிறதா என்று பார்த்தேன்.

மேலாளர் நாற்காலியை இழுத்துப் போட்டு அந்த அம்மாளுக்கு எதிரே உட்கார்ந்தார். "குச்சி ரீ" என்றார். "ரெண்டு குச்சியில சாப்பிடறாங்களே. வீட்ல அகர்பத்திய வச்சுப் பழகிப் பாத்தேன். எடுக்கறதெல்லாம் கீழ விழுது. அவங்க முன்னாடி உக்காந்து எப்படிச் சாப்பிடறது? நாலு நாளா தூக்கமில்ல."

அந்த அம்மாள் சிரிக்கவில்லை. "நீங்க அங்க போறியளா, அவங்க இங்க வாராவளா?"

"இங்கதான் வர்றாங்க."

"சாப்பாடு?"

"நம்ம கேன்டீன்தான். வாழை இலை, சாம்பார், ரசம், பாயசம்."

"அப்ப குச்சிக்கு இங்க என்ன சார் வேல? நம்ம ரசத்த இலையில ஊத்தினா எந்தப் பக்கம் அண கட்டணும்னு தெரியாம முழிக்கப்போறது அவங்கல்லா? புத்தகம் வேணும்னா அவங்களுக்குல்லா வேணும்?"

மேலாளர் கைக்குட்டையை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். நாலு நாளாக அவர் தோளில் உட்கார்ந்திருந்த எதுவோ இறங்கிப் போனது எனக்குத் தெரிந்தது.

"அப்படி ஒரு புக் இருக்கா?"

"இல்ல. நானே இங்கிலீஷ்ல ஒரு பக்கம் எழுதித் தாரேன். ஆனா அடியில நூலகம்னு பேரு போடுவேன்."

"போடுங்க ரீ" என்றார் மேலாளர். "நல்லா பெருசாவே போடுங்க."

தைல மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்த, எதையுமே கேட்காத நூற்றுப் பதினான்கு பேரும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டார்கள். என்னையும் சேர்த்தால் நூற்றுப் பதினைந்து.